எல்லு தொண்டையில் குடுங்ஙி

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. க்ளினிக் திறந்து அரை மணி நேரம்கூட ஆகலை. டாண்டினாங் பக்கத்துல இருந்து ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் தங்களோட லாப்ரடாரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அம்மா, பன்னிரண்டு வயசுப் பையன், நாய். நாய் வாலை ஆட்டிக்கிட்டு நல்லாத்தான் உள்ளே வந்துச்சு. வாய் மட்டும் மூடலை. கீழ்த்தாடை அப்படியே தொங்குது, எச்சில் நூலா வடியுது.

"டொக்டர், நேற்று ஆட்டெலும்பு குடுத்தனாங்கள். அதுதான் தொண்டைக்குள்ள சிக்கியிட்டுது போல" என்றார் அந்த அம்மா.

எனக்குக் கை நீளவே இல்லை.

பக்கத்துல நின்ன இளம் டாக்டர் (இங்கேயே பிறந்து இங்கேயே படிச்ச பொண்ணு) என்னை ஒரு மாதிரியா பார்த்துட்டு, டார்ச்சை எடுத்து, வாய்க்குள்ள கையை விட்டுத் துழாவி, "எலும்பு ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவப் போயிட்டாங்க. மொத்தம் இருபது செகண்டுதான். அதுக்குள்ள நான் அந்தப் பையன்கிட்ட மூணு கேள்வி கேட்டு முடிச்சிருந்தேன். நாய் ராத்திரி எங்கே படுத்துச்சு? குரைக்கிற சத்தம் மாறியிருக்கா? நீ அதோட வாய்க்குள்ள கையை விட்டியா?

பையன் பயந்துட்டான். பாவம்.

அந்த நாய்க்கு வந்திருந்தது, தாடையை மூட வைக்கிற நரம்புல வர்ற ஒரு அழற்சி. பெரும்பாலும் காரணம் பிடிபடாது. ஊட்டிவிட்டு, தண்ணி புகட்டி, பொறுமையா இருந்தா ரெண்டு மூணு வாரத்துல தானா சரியாகிடும். இந்த நாயும் சரியாகிட்டு வருது. ஆஸ்திரேலியாவுல நாய்களுக்கு ரேபிஸ் கிடையாது. வவ்வால்கள்ல அதுக்குச் சொந்தக்கார வைரஸ் ஒண்ணு இருக்கு. 1996ல கண்டுபிடிச்சாங்க, 2025 வரைக்கும் 4 பேர் அதுல இறந்திருக்காங்க. ஆனா நாய் மூலமா வர்ற ரேபிஸ் இல்லவே இல்லை. அதனாலதான் இந்தியாவுல இருந்து நாயை நேரா இங்கே கொண்டுவர விடமாட்டாங்க. ஊர்ல விட்டுட்டு வந்த நாயைக் கூட்டிவர அலைஞ்சவங்களுக்கு இந்தக் கதை நல்லாவே தெரியும்.

ஆக, அந்தப் பொண்ணு செஞ்சது சரி. இந்த ஊருக்குச் சரி. என் கை ஏன் நீளலைங்கறதுதான் இந்தப் பதிவு.

நாமக்கல் கால்நடைக் கல்லூரியில படிப்பை முடிச்சுட்டு நான் முதல்ல வேலைக்குப் போன ஊர் மட்டாஞ்சேரி. கொச்சியோட பழைய பகுதி. டச்சு அரண்மனை, 1568ல கட்டின பரதேசி யூத ஜெபக்கூடம், நடுவுல சுக்கும் மிளகும் மணக்கிற குடோன்கள்னு டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்கிற ஊர். எனக்கு அது ஆடுகளோட ஊர். பஜார் ரோட்டுல ஆடுங்க சொந்தக்காரங்க மாதிரி நடக்கும், குடோன் படியில படுத்து அசை போடும், லாரிக்காரன் ஹாரன் அடிச்சா தலையைத் திருப்பிப் பார்த்துட்டு மறுபடி அசை போடும். மனுஷங்களும் எல்லா வகையும் உண்டு. கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தெலுங்குச் செட்டி. தமிழ்க் குடும்பங்களும் நிறைய. பக்கத்துல வெளியில இருக்கிற டோபி கானாவுல தலைமுறை தலைமுறையா துணி வெளுக்கிறவங்க தமிழ்க்காரங்கதான்.

சந்துக்குள்ள ஒரு சின்ன தனியார் க்ளினிக். நான், பெரிய டாக்டர் (வாரத்துல ரெண்டு நாள் வருவார்), அப்புறம் இக்கா.

இக்கா உதவியாளர். படிப்பு ஏழாவதோ எட்டாவதோ. மாடு, ஆடு, நாய்னு முப்பது வருஷமா பிடிச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தவர். ஊரே அவரை இக்கான்னுதான் கூப்பிடும். என்னை "சாரே"ன்னு கூப்பிடுவார். மரியாதையும் இருக்கும், கொஞ்சம் கிண்டலும் இருக்கும். முதல் வாரம் ஒருத்தர் பூனையைத் தூக்கிட்டு வந்து "எல்லு தொண்டையில் குடுங்ஙி"ன்னார். எள்ளு எப்படிய்யா பூனைக்குத் தொண்டையில சிக்கும்னு நான் முழிச்ச முழியில இக்கா ஒரு நாள் பூரா சிரிச்சார். மலையாளத்துல எல்லுன்னா எலும்புங்க! மீன் முள்ளுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊர்ல தினம் ஒரு எல்லு கேஸ் வரும்னு போகப்போகத்தான் தெரிஞ்சுது.

தெருவுல போற ஆட்டை தூரத்துல இருந்தே பார்த்துட்டு "அதுக்கு வயிறு சரியில்லை"ம்பார் இக்கா. எப்படிங்கன்னு கேட்டா, "பல்லு கடிக்கிறது கேக்கலையா?"ம்பார். உண்மைதான், ஆடு சும்மா நின்னுக்கிட்டுப் பல்லை நறநறன்னு கடிச்சா எங்கேயோ வலின்னு அர்த்தம். குடோன் வாசல்ல கிழிஞ்ச அரிசி மூட்டை ஒண்ணு கிடைச்சா போதும், இந்த ஆடுங்க வயிறு முட்டத் தின்னுட்டு வரும். மாவுப் பொருள் இரைப்பையில புளிச்சு அமிலமாகி, ரெண்டு நாள்ல ஆளையே கவுத்திடும். நான் ஸ்டெதாஸ்கோப் வெச்சுக் கேட்கிறதுக்குள்ள, அது நிக்கிற தோரணையை வெச்சே இக்கா சோடா உப்பு கரைக்க ஆரம்பிச்சிருப்பார். கல்லூரியில விலங்குகளோட நடத்தைன்னு எங்களுக்கு இருந்தது கால்நடைப் பராமரிப்புப் பாடத்துல சில பக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பக்கம். மட்டாஞ்சேரியில அதுதான் தினசரிப் பாடமே.

2011 ஜூன். மழை ஊத்துது. பஜார் ரோட்டுல சுமை தூக்குற ஒருத்தர், ஆட்டோவுல, சாக்கு போர்த்தின நாயோட வந்தார். பின்னாடி அவர் மனைவி, எட்டு ஒன்பது வயசுல ஒரு பொண்ணு.

"சாரே, எல்லு தொண்டையில் குடுங்ஙி."

என் மலையாளத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துடுச்சு. "சார் தமிழா? நாங்க தென்காசிப் பக்கம் சார். தாத்தா காலத்துலயே இங்க வந்தாச்சு." முந்தின நாள் தெருவுல ஒரு கல்யாணம், பிரியாணி. காலையில பார்த்தா மணி (நாயோட பேர்) வாயைத் திறந்தபடி நிக்குது. எச்சில் ஒழுகுது. எல்லாம் கச்சிதமா பொருந்துது இல்லையா? பிரியாணி, எலும்பு, திறந்த வாய். நான் குனிஞ்சு ரெண்டு விரலைக் கன்னத்தோரமா உள்ளே விட்டேன். கையுறைப் பெட்டி நாலடி தூரத்துல இருந்துச்சு. நாலடி!

பின்கட்டுல இருந்து வந்த இக்கா நாயோட வாயைப் பார்க்கவே இல்லை. கண்ணையும் பின்னங்காலையும் பார்த்தார்.

"கை எடுக்கு சாரே."

சத்தமே போடலை. ஆனா அந்தக் குரல்ல கிண்டல் இல்லை. எடுத்தேன். என்னைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போய் சோப்பு போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினஞ்சு நிமிஷம் கழுவ வெச்சார். கழுவிக்கிட்டே இருக்கேன், அவர் அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கார்.

ராத்திரி எங்கே படுக்கும்? வாசப்படியில. நேத்து? கட்டிலுக்கு அடியில. முந்தாநாள்? அப்பவும் கட்டிலுக்கு அடியிலதான், கூப்பிட்டாலும் வரலை. அதாவது பிரியாணிக்கு முன்னாடியே! குரல்? "சளி புடிச்ச மாதிரி இருக்கு" என்றார் அப்பா. வேற என்ன தின்னுச்சு? தென்னந்துடைப்பத்தைக் கடிச்சுத் தின்னுதுன்னு அந்த அம்மா சொன்னாங்க.

அப்பா இடைமறிச்சார். "வெறி புடிச்சா தண்ணியப் பாத்து ஓடணும்ல சார்? இது தண்ணிக்குத் தவிக்குது. சட்டில வாயை வெக்கிது, உள்ள போக மாட்டேங்குது. யாரையும் கடிக்கக்கூட இல்லை."

இந்த இடத்துலதான் நம்ம ஜனங்க ஏமாந்து போறாங்க. தண்ணியைக் கண்டு மிரள்றது மனுஷனுக்கு வர்ற அறிகுறி. நாய்க்கு அது கிடையாது. தண்ணி கிட்டப் போகும், முழுங்க முடியாது. இன்னொண்ணு, வெறிநாய்னா கண் சிவந்து, துரத்தித் துரத்திக் கடிக்கும்னுதான் மனசுல படம் இருக்கு. அது ஒரு வகை. இன்னொரு வகை ஊமை மாதிரி வரும். மூலையில ஒதுங்கும், தாடை தொங்கும், பின்னங்கால் தளரும், யாரையும் கடிக்காது. எலும்பு சிக்கினதா நினைச்சு வீட்டுக்காரங்களே வாய்க்குள்ள கையை விடுவாங்க. டாக்டரும் விடுவார். பாடப் புத்தகத்துல இந்த எச்சரிக்கை இருக்கு, நான் படிச்சும் இருக்கேன். ஆனா "எல்லு"ன்னு ஒருத்தர் காரணத்தைக் கையில குடுத்துட்டா, புத்தி அதுக்கப்புறம் தேடுறதில்லை.

"வாயில் ஆரெங்கிலும் கை இட்டோ?"ன்னு இக்கா கேட்டார். யாரும் இல்லைன்னு அப்பா அம்மா ரெண்டு பேரும் சொன்னாங்க.

அந்தப் பொண்ணு எதுவும் சொல்லலை. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள்ள வெச்சிருந்தாள். வந்ததுல இருந்து அப்படித்தான் நின்னாள்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சது. இக்கா அவ எதிர்ல குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கையைப் பிடிக்கலை, காட்டுன்னு அதட்டலை. மெதுவா, "எல்லு மோளானோ கொடுத்தது?"ன்னார்.

அவ்வளவுதான், உடைஞ்சுட்டாள். கல்யாண வீட்டுல தின்ன எலும்பை ஒளிச்சு எடுத்துட்டு வந்து மணிக்குப் போட்டிருக்காள். போடாதேன்னு அம்மா ஏற்கெனவே திட்டியிருக்காங்க. விடிகாலையில வாய் திறந்து நிக்கிறதைப் பார்த்ததும், நம்மாலதான் ஆச்சுன்னு, யாரும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி எலும்பை எடுக்கக் கையை விட்டிருக்காள். விரல் முட்டியில ரெண்டு கீறல். ரத்தம் காய்ஞ்சிருந்துச்சு.

அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

வந்த ஆட்டோவுலயே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இக்காவும் கூடவே போனார். கீறல்ல இம்யூனோகுளோபுலின், அப்புறம் 0, 3, 7, 28ன்னு நாள் கணக்குல தடுப்பூசி. எனக்குக் கல்லூரியிலேயே முன்கூட்டிப் போட்ட தடுப்பூசி இருந்ததால ரெண்டு ஊசியோட முடிஞ்சுது. மணியைப் பின்பக்கத்துல தனிக் கூண்டுல வெச்சோம். மூணாம் நாள் செத்துப்போச்சு. தலையை ஐஸ்ல வெச்சு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினதுல, மூளையில ரேபிஸ் உறுதின்னு போன் வந்துச்சு. இந்த நோயை நாய்கிட்ட சந்தேகமில்லாம உறுதி பண்ண அது செத்த பிறகு மூளையைத்தான் பார்க்கணும். உயிரோட இருக்கும்போது நம்மகிட்ட இருக்கிற முக்கியமான சாட்சி அதோட நடத்தைதான். எங்கே படுத்துச்சு, எப்படிக் குரைச்சுச்சு, எதைத் தின்னுச்சு.

அதுக்கப்புறம்தான் நான் இந்த நடத்தை விஷயத்தை ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல பெஞ்சமின் ஹார்ட்னு ஒரு பேராசிரியர் 1988ல ஒரு கட்டுரை எழுதினார். நோய் வந்த மிருகம் சுருண்டு படுக்கிறது, தின்னாம கிடக்கிறது, ஒதுங்கி ஒளியறது எல்லாம் வெறும் சோர்வு இல்லை, காய்ச்சலோட சேர்ந்து கிருமியை எதிர்க்க உடம்பு போடுற திட்டம்னார். இங்கிலாந்துல லிங்கன் பல்கலைக்கழகத்தோட டேனியல் மில்ஸ் குழு 2020ல எழுதினது இன்னும் நேரடியானது. நடத்தைக் கோளாறுன்னு அவங்ககிட்ட வர்ற நாய் பூனைகள்ல குறைஞ்சது மூணுல ஒரு பங்குக்கு உள்ளே ஏதோ வலி இருக்கு, சில டாக்டர்கள் பார்த்த கேஸ்கள்ல இது 80 சதவீதம் வரைக்கும்கூடப் போயிருக்கு. "திடீர்னு கடிக்குது டாக்டர்"னு கூட்டிட்டு வர்ற நாயை டிரெய்னர்கிட்ட அனுப்பறதுக்கு முன்னாடி நான் இடுப்பையும் காதையும் பல்லையும் பார்க்கிறது இதனாலதான்.

எதிர்த்திசையிலும் நடக்கும். மட்டாஞ்சேரி யூதத் தெருவுல ஒரு பழம்பொருள் கடைப் பூனை, விலை உயர்ந்த நாற்காலியா பார்த்து மூத்திரம் போகும். வேணும்னே பண்ணுதுன்னு கடைக்காரருக்குக் கோபம். நான் மூணு தடவை ஆன்டிபயாடிக் குடுத்தேன். நிக்கும், மறுபடி வரும். இளம் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையில கிருமித் தொற்று அபூர்வம்னு அப்ப எனக்கு உறைக்கலை. பக்கத்துக் கடைக்குப் புதுசா வந்த கடுவன் ஒண்ணு கண்ணாடி வழியா நாள் பூரா இதையே முறைச்சுக்கிட்டு இருந்ததைக் கண்டுபிடிச்சதும் இக்காதான். கண்ணாடியில திரை போட்டு, மணல் தட்டு இன்னொண்ணு வெச்சு, ஏறி உட்கார உயரமா ஒரு பலகை அடிச்சுக் குடுத்தோம். அடங்கிடுச்சு. பயமும் பதற்றமும் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும்னு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துல டோனி பஃபிங்டன் குழு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு சொன்னது இதைத்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டுகூட வரலைன்னா அது மனசு விஷயம் இல்லை, அடைப்பு. அன்னிக்கே தூக்கிட்டு ஓடுங்க. மறுநாள்னு தள்ளினா உயிருக்கே ஆபத்து.

கேரளத்தைப் பத்தி எழுதிட்டு யானையை விட்டா மலையாளி நண்பர்கள் சும்மா விடமாட்டாங்க. தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரனைத் தெரியாத ஆளே அங்கே இல்லை. 2019 பிப்ரவரியில குருவாயூர் பக்கத்துல பட்டாசுச் சத்தத்துல மிரண்டு ஓடி, 2 பேர் இறந்தாங்க. தடை போட்டாங்க. அந்த வருஷம் மே மாசம் திருச்சூர் பூரத்துக்கு அவன் வேணும்னு பெரிய போராட்டம், டாக்டர் குழு பரிசோதிச்சு, பூரத்துக்கு முந்தின நாள் சடங்குக்கு மட்டும் கட்டுப்பாடுகளோட அனுமதிச்சாங்க. முரட்டு யானைன்னு ஒரு கட்சி, தெய்வம்னு ஒரு கட்சி. அவனுக்கு ஒரு கண்ணுல பார்வை இல்லைங்கறதை ரெண்டு கட்சியும் அடிக்குறிப்பா வெச்சுக்கிட்டாங்க. பார்க்க முடியாத பக்கத்துல வெடி வெடிச்சா எந்த உயிர்தான் நிதானமா நிக்கும்? எனக்குக் குணம்ங்கற வார்த்தை மேலேயே ஒரு சந்தேகம் வந்தது அப்பதான்.

டிசம்பர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இங்கே வளர்ற நம்ம பசங்களுக்கு நாய்னாலே பொம்மை. பாட்டி வீட்டு வாசல்ல ஒரு குட்டி கிடந்தா தூக்கிக் கொஞ்சாம விடமாட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல ரேபிஸால வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் சாகறாங்க, அதுல 40 சதவீதம் 15 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைங்க, மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்தியாவுல. கீறலா இருந்தாலும் சோப்பும் தண்ணியும் போட்டு 15 நிமிஷம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் வந்திருந்தா தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் உண்டான்னு கேட்டு வாங்குங்க. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசின்னு பயமுறுத்தின அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 கடைசியோட நிறுத்தியாச்சு. கடிச்ச நாய் நல்லா இருந்தா 10 நாள் கவனிக்கச் சொல்வாங்க. எச்சில்ல வைரஸ் வந்த நாய் அதுக்குள்ள நோயைக் காட்டிடும், செத்தும் போயிடும்ங்கறதுதான் கணக்கு. ஆனா அந்த 10 நாளும் ஊசியைத் தள்ளிப்போட இல்லை. கிளம்பறதுக்கு முன்னாடியே பசங்ககிட்ட ஒண்ணு சொல்லி வைங்க: கடிச்சாலோ கீறினாலோ வந்து சொல்லு, திட்ட மாட்டோம். சொன்ன மாதிரியே திட்டாமலும் இருங்க.

அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. இருபத்தெட்டாம் நாள் ஊசி போட்டுக்கிட்டு அப்பாவோட நேரா க்ளினிக்குக்கு வந்தாள். மழை விட்டிருந்துச்சு. இக்கா வாசப்படியில உட்கார்ந்து ஒரு ஆட்டோட குளம்பைச் சீவிக்கிட்டு இருந்தார். அவர் பக்கத்துல போய் நின்னாள். விரல் முட்டியைக் காட்டினாள். அவர் பார்த்துட்டுத் தலையாட்டினார்.

"இக்கா, அப்போ நான் குடுத்த எலும்பாலதானே?"

"எல்லு உண்டாயிருந்நில்ல மோளே."

எலும்பே இல்லை. அவ கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்துக்கிட்டே நின்னாள். அப்புறம் மறுபடி அதையே கேட்டாள். இக்கா கத்தியைக் கீழே வெச்சுட்டு, மறுபடி அதையே சொன்னார்.